தூங்கும் பிள்ளையின் விஷம்

மொத்தாகுவா ஆற்றுப் பள்ளத்தாக்கில் கோபக்காரர்களுக்குப் பஞ்சம் கிடையாது. எல் எஸ்பினாலில் பூசைக்குப் போகும்போது தொப்பியைக் கழற்றுகிற ஆண்கள்கூட இடுப்பில் தொங்கும் வெட்டுக்கத்தியைக் கழற்ற மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரிலேயே "அவகிட்ட வாயைக் கொடுக்காதே" என்று பேர் வாங்கியவள் எதெல்வினா. சோளமாவு அரைக்கிற மில்காரனோடு சண்டை. பட்டணத்துக்குப் போகிற பஸ் கண்டக்டரோடு சண்டை. ஞானஸ்நானத்துக்குத் தாமதமாக வந்த பாதிரியாரையும் கோயில் வாசலிலேயே நிறுத்திக் கேட்டவள். கட்டிக்கொண்டவன் வடக்கே வேலைக்குப் போய் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான் என்று சேதி வந்த அன்று அவள் அழவில்லை. அவன் விட்டுப்போன சட்டைகளைக் கிழித்து அடுப்படித் துணி ஆக்கிக்கொண்டாள்.

ஊர் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'தூங்காத பிள்ளை'.

அந்தப் பெயர் ஒரு பல்லியிலிருந்து வந்தது. கள்ளியும் முள்ளும் மண்டிய அந்தக் குன்றுகளில் கை நீளத்துக்கு ஒரு பல்லி உண்டு. கறுப்பு உடம்பில் மஞ்சள் பட்டை, மணி மணியாகக் கோத்தது போன்ற தோல், தடித்த வால். கோடை முழுக்கப் பொந்துக்குள் கிடந்துவிட்டு முதல் மழைக்கு வெளியே வரும். தூக்கினால் உறங்குகிற குழந்தை போலத் துவண்டு கிடக்குமாம். அதனால் அதற்குத் தூங்கும் பிள்ளை என்று பெயர். பெயர்தான் செல்லம். கண்டால் ஊரே கல்லெடுக்கும். இடி அதைத் தேடி வந்து விழும் என்பார்கள், மூச்சுப் பட்டால் மாடு சாகும் என்பார்கள், வாலில் கொடுக்கு இருக்கிறது என்று சத்தியம் செய்வார்கள். எதெல்வினாவின் அப்பாவைக் கொன்றது அதுதான் என்பதும் ஊர் சொன்ன கதை. "அது தூங்கும் பிள்ளை, இவ தூங்காத பிள்ளை. ரெண்டும் கவ்வினா விடாது" என்று மில்காரன்தான் ஆரம்பித்து வைத்தான்.

அப்பா பௌடிலியோ இறந்தபோது எதெல்வினா பாவாடைக்குள் முழங்காலைச் சுருட்டிக்கொண்டு உட்காருகிற வயசு. அவர் புகையிலைத் தோட்டத்தில் கூலி. முதல் மழை பெய்த மறுநாள், சோளம் விதைப்பதற்காகக் கல்வேலியைப் பிரித்து நகர்த்திக்கொண்டிருந்தார். கல்லிடுக்கில் விட்ட கையை அவரால் திரும்ப எடுக்க முடியவில்லை. எடுத்தபோது கையோடு அதுவும் வந்தது. இடுக்கி போலக் கவ்விக்கொண்டு, விடாமல், மென்று மென்று கடித்தது.

அவருடைய அண்ணன் சிரியாக்கோதான் ஓடிவந்து கத்தியால் நெம்பி எடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து, மாடு கட்டும் கயிற்றை முழங்கைக்கு மேலே சுற்றி, குச்சி செருகி முறுக்கினார். "கட்டினாத்தான் விஷம் நெஞ்சுக்கு ஏறாது" என்றார். அப்பா திமிறினார். வலியில் அவர் போட்ட கூச்சலைக் கேட்டு ஆற்றின் அக்கரையிலிருந்து ஆள் வந்தது. எதெல்வினா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே கூப்பிடவோ வெளியே துரத்தவோ யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் அப்பாவின் கூச்சல் அடங்கியிருந்தது. அவர் வேறு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அவுத்துடுங்கண்ணே, கயிறு வலிக்குது." பெரியப்பா, "அவுத்தா செத்துடுவே தம்பி" என்றார். கை முதலில் ஊதா ஆயிற்று, பிறகு கறுத்தது. சாயங்காலம் ஊஞ்சல் படுக்கையில் போட்டு ரயிலடிவரை தூக்கிக்கொண்டு போனார்கள். பட்டணத்தில் கயிற்றை அவிழ்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது. அழுகல் உடம்புக்குள் ஏறி அவர் போய்விட்டார்.

ஊரில் சிரியாக்கோவின் மரியாதை அன்றிலிருந்து கூடியது. தம்பியைக் காப்பாற்றக் கண் மூடாமல் உட்கார்ந்திருந்த மனிதர் என்று சொன்னார்கள். பெயருக்கு முன்னால் 'தோன்' போட்டுத்தான் கூப்பிட்டார்கள். எதெல்வினாவின் அம்மா ரோமெலியா சனிக்கிழமைதோறும் தமால் செய்வாள். சோளமாவுக்குள் பன்றிக்கறி வைத்து, வாழையிலையில் மடித்து அவித்து, அதில் நல்லதாகப் பார்த்து எடுத்துக் கூடையில் வைத்துக் கணவனின் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோவாள். "பெரியப்பா இல்லேன்னா உங்கப்பா அன்னிக்கே போயிருப்பாரு. ஒரு நாளாவது கூட இருந்தாரே" என்பாள்.

எதெல்வினாவும் அதை நம்பித்தான் வளர்ந்தாள். பெரியப்பாவின் கையை முத்தமிட்டிருக்கிறாள். வழியில் தூங்கும் பிள்ளையைப் பார்த்தால் மற்றவர்களை முந்திக்கொண்டு கல்லெறிந்திருக்கிறாள்.

*

கணவன் போன பிறகு அவள் பட்டணத்து மருத்துவமனை ஒன்றில் சலவை வேலைக்குச் சேர்ந்தாள். விரிப்பு, உறை, அறுவை அறைத் துணி எல்லாம் அவள் கைக்கு வரும். ஒருநாள் விரிப்புகளை வண்டியில் தள்ளிக்கொண்டு வராந்தாவில் போனபோது, கட்டுப் போட்ட கையோடு ஒரு தக்காளித் தோட்டத்து ஆள் சிரித்துக்கொண்டே வெளியே போனான். கூட இருந்தவன் அவனைச் சீண்டினான். "தூங்கும் பிள்ளையை எழுப்பினியே, இனிமே தாலாட்டுப் பாடிட்டுக் கல்லைத் தூக்கு."

எதெல்வினா வண்டியை விட்டுவிட்டு வார்டுக்குள் போனாள். அங்கே இருந்த டாக்டர் அவளைவிட இளையவர்.

"டாக்டர், இப்பப் போனாரே, அவரைக் கடிச்சது நெஜமாவே தூங்கும் பிள்ளைதானா?"

"அதேதான். செத்த பல்லியைப் பையில போட்டுக் கொண்டுவந்து மேஜை மேல வெச்சாங்க. நர்ஸம்மா ஓடியே போயிட்டாங்க."

"அப்புறம் எப்படிப் பொழைச்சாரு?"

"பொழைக்காம? வலிக்கு மருந்து கொடுத்தோம், சலைன் ஏத்தினோம். வாந்தி எடுத்தாரு, ரத்த அழுத்தம் இறங்கிச்சு, அப்புறம் தானா ஏறிடுச்சு. பயங்கர வலிதான். ஆனா அதுல சாகறவங்க ரொம்ப ரொம்ப அபூர்வம்."

"விஷமுறிவு ஊசி போட்டீங்களா?"

"இதுக்கு ஊசி கிடையாதும்மா. இருக்கறது பாம்புக்கு. பாம்பு விஷம் வேற, இது வேற. அதை இதுக்குப் போட்டா ஒண்ணும் நடக்காது."

அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் குறுக்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கயிறு எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"மறுநா சாயங்காலம் வரைக்கும். இங்கே பட்டணத்துலதான் அவுத்தாங்க."

அவர் கையிலிருந்த பேனாவை மூடினார்.

"சொல்லுங்க டாக்டர்."

"கை அழுகினது பல்லியால இல்லம்மா. ரத்தம் போகாம இருந்தா எந்தக் கையும்..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அன்று மத்தியானம் அவள் பிழிந்த விரிப்பு ஒன்று நடுவில் கிழிந்தே போயிற்று. அவளுக்கு அழுகை வரவில்லை. சிறு வயதில் முத்தமிட்ட அந்தக் கையின் நாற்றம் வாயில் இருப்பது போலத் துப்பிக்கொண்டே இருந்தாள். ஒரு பல்லியை இத்தனை வருஷமாகக் கல்லால் அடித்திருக்கிறாள். அடிக்க வேண்டியவர் எதிர்வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தமால் தின்றுகொண்டிருந்திருக்கிறார்.

சனிக்கிழமை பஸ் இறங்கியதும் அவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே சிரியாக்கோ வீட்டுக்குப் போனாள். அவர் சாப்பாட்டு மேஜையில் மகன் ஓத்தோனியேலோடு உட்கார்ந்திருந்தார். ரோமெலியாவும் அங்கேதான் இருந்தாள். கூடையைக் காலி செய்துகொண்டிருந்தாள். எதெல்வினா அம்மாவைப் பார்த்தாள்; பார்த்தும் நிறுத்திக்கொள்ளவில்லை.

"பல்லி கொல்லல எங்கப்பாவை. நீங்கதான் கொன்னீங்க. உங்க கயிறு கொன்னுச்சு."

சிரியாக்கோ வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார். "ஆஸ்பத்திரியில துணி துவைக்கப் போனவ டாக்டராயிட்டியா?"

"டாக்டரே சொன்னாரு. கடிச்சவங்க எல்லாம் நடந்து வீட்டுக்குப் போறாங்க. கையை வீசிக்கிட்டுப் போறாங்க!"

"உங்கப்பன் தலைமாட்டுல உட்கார்ந்திருந்தது நான். நீ எங்கே இருந்தே?"

"கதவடியில. அவுத்துடுங்கண்ணேன்னு அவரு கெஞ்சினது என் காதுல விழுந்துச்சு. உங்க காதுல விழல!"

ஓத்தோனியேல் எழுந்தான். "வெளியே போ எதெல்வினா. அப்பாகிட்டப் பார்த்துப் பேசு."

"நீ உட்காருடா. உனக்கு அப்பா இருக்காரு பேசறதுக்கு."

அப்போதுதான் ரோமெலியா வாயைத் திறந்தாள். குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

"கையைப் பிடிச்சது நான்."

அவள் கூடையிலிருந்து கையை எடுத்தாள்.

"அவரு திமிறினாரு. பெரியவரால ஒத்தையில முடியல. நான்தான் முழங்காலைப் போட்டு அமுக்கினேன். கயிறு நல்லா இறுகட்டும்னு."

எறிந்த கல் சொந்த வீட்டுக் கூரையில் விழுந்துவிட்டது. அம்மா காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். இவள் பின்னால் நடந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அம்மா வழக்கம்போல மாவு பிசைந்தாள். கறி வழக்கத்தைவிட அதிகம்.

"இன்னும் அந்த ஆளுக்கா?"

ரோமெலியா நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவரு செஞ்சது தப்புன்னா நான் செஞ்சதும் தப்பு. அவரு தப்புப் பண்ணலேன்னா நானும் பண்ணல. அந்த வாழையிலையை எடு."

எதெல்வினா இலையை எடுத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்துதான் அவள் ஊரில் எல்லாரோடும் சண்டை போட ஆரம்பித்தாள் என்று சொல்லலாம். மில்காரன் தராசில் விரல் வைத்தால் அவளுக்கு அவன் சிரியாக்கோ. கண்டக்டர் கிழவிகளை நிற்க வைத்தால் அவன் சிரியாக்கோ. நிஜ சிரியாக்கோ வீட்டைக் கடக்கும்போது மட்டும் அவள் வாயை இறுக மூடிக்கொண்டு போனாள். உள்ளே அம்மாவின் கூடை இருக்கும்.

*

வருஷங்கள் போயின. ரயில் நின்றுபோனது, முலாம்பழத் தோட்டங்கள் வந்தன. ரோமெலியாவுக்கு முதுகு வளைந்தது. ஒரு மழைக்காலத்துக்கு முன்னால், தலைநகரத்திலிருந்து லிசெத் என்ற பெண் வந்தாள். விலங்குகளைப் படிக்கிறவள். தூங்கும் பிள்ளை உலகத்திலேயே இந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றித்தான் இருக்கிறது, அடித்து அடித்துத் தீர்ந்துகொண்டே வருகிறது, காப்பாற்ற வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டாள். ஊர் முழுக்க வந்தது, கூட்டத்துக்குப் பிறகு காப்பியும் பாலாடை கேக்கும் தருவதாகச் சொல்லியிருந்ததால். சிரியாக்கோவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

லிசெத் படங்கள் காட்டினாள். "இது யாருக்கும் தீங்கு செய்யாத அப்பாவி ஜீவன். இதைப் பார்த்து நாம பயப்படவே தேவையில்ல" என்றாள்.

பின்னாலிருந்து எதெல்வினா எழுந்துவிட்டாள்.

"அப்பாவியா? யாருக்கு அப்பாவி? எங்கப்பா கத்தின கத்தல் ஆத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சு. நீங்க கேட்டிருக்கீங்களா அந்தச் சத்தத்தை?"

"இல்லம்மா, நான் சொல்ல வந்தது..."

"இந்தப் பக்கம் பார்த்தா, இடி விழும், மூச்சுப் பட்டா சாவுங்கறாங்க. அந்தப் பக்கம் பார்த்தா நீங்க பொம்மை மாதிரி பேசறீங்க. ரெண்டு பேரும் பொய் சொல்றீங்க. எங்களைக் குழந்தைங்கன்னு நெனைச்சீங்களா? அது வாயில என்ன இருக்கு, அது என்ன செய்யும், என்ன செய்யாது, அதைச் சொல்லுங்க. இல்லேன்னா காப்பியை ஊத்திட்டுக் கிளம்புங்க."

"ஆரம்பிச்சிடுச்சுடா தூங்காத பிள்ளை" என்றான் மில்காரன். சிரிப்பு எழுந்தது. லிசெத் சிரிக்கவில்லை. படத்தை அணைத்துவிட்டுக் கரும்பலகையில் ஒரு தாடையை வரைந்தாள்.

"சரி. விஷம் இருக்கு. நல்லாவே இருக்கு. பாம்புக்கு விஷப்பை மேல்தாடையில, இதுக்குக் கீழ்த்தாடையில. பாம்புப் பல்லு ஊசி மாதிரி உள்ளே ஓட்டையா இருக்கும். இதோட பல்லுல வாய்க்கால் மாதிரி ஒரு கோடுதான். விஷம் அந்தக் கோட்டு வழியா ஊறித்தான் ஏறணும். அதனாலதான் கவ்வினா விடாம மெல்லுது. பிடுங்கி இழுக்காதீங்க, சதை போயிடும். கையோட சேர்த்துத் தண்ணியில அமுக்குங்க, விட்டுடும்."

"பாம்புக்கு இது சொந்தமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தூரத்துச் சொந்தம். மலையெல்லாம் வேற எடத்துல இருந்த காலத்துல, பாம்பு, உடும்பு, இது, நீங்க குழம்பு வைக்கிற இகுவானா ஓணான், இத்தனைக்கும் ஒரே மூதாதை இருந்துச்சு. அதோட வாயிலேயே விஷம் கொஞ்சமா ஆரம்பிச்சிடுச்சுன்னு ஒரு கூட்டம் சொல்லுது. இல்லவே இல்ல, ஒவ்வொண்ணும் தனித்தனியா உண்டாக்கிக்கிச்சுன்னு இன்னொரு கூட்டம் சண்டை போடுது. இன்னும் முடியல அந்தச் சண்டை."

சிரியாக்கோ உரக்கக் கேட்டார். "அப்போ நான் தின்ன இகுவானா எல்லாம் விஷமா?"

"இகுவானாகிட்ட இருந்தாலும் ஏதோ மிச்சம் மீதிதான் தோன் சிரியாக்கோ. உங்க வயித்துக்கு ஒண்ணும் ஆகாது." இப்போது கூட்டம் அவரைப் பார்த்துச் சிரித்தது. லிசெத் தொடர்ந்தாள். "ஆனா விஷம் ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு வேலைக்கு. கிழக்கே ஒரு தீவுல ராட்சத உடும்பு இருக்கு, மானைப் பிடிக்கும். அது கடிச்சா ரத்தம் உறையாது, ஒழுகிட்டே இருக்கும். நம்ம ஆளுக்கு மான் வேண்டாம். முட்டையும் கண்ணு திறக்காத குஞ்சும்தான் சாப்பாடு. முட்டை எங்கே ஓடப்போகுது? அதைக் கொல்ல விஷம் எதுக்கு?"

"பின்ன எதுக்கு?" என்றாள் எதெல்வினா. இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"தன்னைத் தொட்டவனுக்கு வலிக்கணும். மறுபடி தொடக் கூடாது. அவ்வளவுதான். வலிதான் அந்த விஷத்தோட வேலை. மனுஷனைக் கொல்றதுக்கு உண்டானதில்ல."

"அப்போ கொல்றது எது?"

லிசெத்துக்கு அந்தக் கேள்வியின் உள்ளே இருந்தது தெரியாது. "பெரும்பாலும் நாம செய்யற வைத்தியம்" என்றாள் சாதாரணமாக. "அறுக்கறது, சுடறது, கயிறு கட்டறது."

முன்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. சிரியாக்கோ தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு காப்பிக்கு நிற்காமல் வெளியே போனார். எதெல்வினாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ரோமெலியாவின் கைகள் மடியில் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தன. அதைப் பார்த்ததும் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

*

முதல் மழை வந்தது. எதெல்வினாவுக்கு அன்று வேலை இல்லை. கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவள் எதிர்வீட்டுக் கூச்சலைக் கேட்டாள். அந்தச் சத்தத்தை அவளுக்குத் தெரியும். தட்டைக் கீழே போட்டுவிட்டுத் தெருவைக் கடந்து ஓடினாள்.

சிரியாக்கோ இடிந்த கல்வேலியைச் சரி செய்யப் போயிருக்கிறார். கண் மங்கிவிட்டது, ஆனால் யார் சொன்னாலும் கேட்க மாட்டார். வலது கையின் கட்டைவிரல் பக்கமாக அது தொங்கிக்கொண்டிருந்தது, மென்றபடி. ஓத்தோனியேல் கத்தியை ஓங்கிக்கொண்டு நின்றான்.

"வெட்டாதே, விரலும் சேர்ந்து போகும்! தொட்டியில அமுக்கு!"

அவளே கிழவரின் முழங்கையைப் பிடித்து மாட்டுத்தொட்டிக்குள் அழுத்தினாள். தண்ணீர் சிவந்தது. கொஞ்ச நேரத்தில் அது வாயைத் திறந்து விட்டுவிட்டு மேலே வந்தது. ஓத்தோனியேல் அதை வெளியே இழுத்துப் போட்டு வெட்டித் துண்டாக்கினான். எதெல்வினா திரும்பிப் பார்க்கவில்லை. பல்லி மேல் அவளுக்குப் பாசமும் இல்லை, பகையும் இல்லை.

"கயிறு! கயிறு கொண்டாடா!" என்று கத்தியது சிரியாக்கோதான்.

கயிறு வந்தது. முழங்கைக்கு மேலே சுற்றினார்கள். குச்சி செருகினார்கள். "இறுக்கு! இன்னும் இறுக்கு!" என்று கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சுற்றி ஊர் நின்றது. யாரும் எதெல்வினாவைப் பார்க்கவில்லை. அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

இருக்கட்டும் என்று நினைத்தாள். நன்றாகவே நினைத்தாள். இறுக்கட்டும். நாளைக்குச் சாயங்காலம் வரை இருக்கட்டும். கை கறுக்கட்டும், அவர் கெஞ்சட்டும், கதவடியில் நின்று நான் கேட்கிறேன். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய்க் கோழிக்குத் தீனி போட்டால் போதும். அப்படி நினைத்ததை அவள் பின்னாளிலும் மறைக்கவில்லை. கேட்டவர்களிடம், "ஆமா, நெனைச்சேன். நீங்களா இருந்தா என்ன நெனைச்சிருப்பீங்க?" என்றாள்.

கிழவர் திமிறினார். ஓத்தோனியேலால் பிடிக்க முடியவில்லை. அவன் மனைவி தெல்மி ஓடிவந்து மண்டியிட்டாள். அழுதுகொண்டே பாவாடையைச் சுருட்டி, மாமனாரின் தோள் மேல் முழங்காலை வைத்து அமுக்கினாள்.

எதெல்வினாவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"எழுந்திரு தெல்மி!" என்று அவள் போட்ட சத்தத்தில் கிழவரே ஒரு கணம் அடங்கினார். "எழுந்திருடி. அந்த முழங்காலை எடு. ஆயுசு முழுக்க உன்னால அதைச் சுமக்க முடியாது."

"அவரு செத்துடுவாரு எதெல்வினா!"

"சாக மாட்டாரு. இந்த ஆளு அவ்வளவு சுலபமா சாக மாட்டாரு." அவள் குனிந்து குச்சியை உருவினாள். கயிறு சுழன்று தளர்ந்தது.

ஓத்தோனியேல் கத்தியை நீட்டினான். "தொடாதே. அப்பா செத்தா உன்னை இங்கேயே வெட்டுவேன்."

"செத்தா வெட்டு. நானே வந்து கழுத்தைக் காட்டறேன். இப்பக் கத்தியைப் போட்டுட்டு வண்டியை எடு. எடுடா!"

அவன் எடுத்தான். முலாம்பழக் கூடைகளைக் கீழே தள்ளிவிட்டு வண்டியின் பின்பக்கத்தில் கிழவரைக் கிடத்தினார்கள். எதெல்வினா ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள், வேறு வழியில்லாமல். வழி முழுக்க அவர் வாந்தி எடுத்தார், எல்லாம் அவள் மேல். "கொலைகாரி" என்றார். "அப்பனுக்காகப் பழி வாங்கறே. கயிறை அவுத்துட்டா, எல்லாரும் பாருங்க" என்றார். உதடு வெளுத்து, வேர்வை ஆறாக ஓடியது.

"நல்லாக் கத்துங்க பெரியப்பா" என்றாள் அவள். "எங்கப்பா இதைவிட அதிகமாக் கத்தினாரு."

மருத்துவமனையில் வலிக்கு மருந்து கொடுத்தார்கள், சலைன் ஏற்றினார்கள், காயத்தைக் கழுவினார்கள். தக்காளித் தோட்டத்து ஆளுக்குச் செய்ததைத்தான் இவருக்கும் செய்தார்கள். கை முழங்கைவரை வீங்கிப் பளபளத்தது. பிறகு வற்றியது. சிரியாக்கோ நடந்து வீட்டுக்கு வந்தார்.

ஊர் பார்க்க வந்தது. எதெல்வினாவும் போனாள். அவள் நன்றியை எதிர்பார்த்துப் போகவில்லை. ஒரு வாக்கியத்தை எதிர்பார்த்துப் போனாள். அவர் நாற்காலியில் சாய்ந்து, கட்டு அவிழ்த்த கையைத் தொடையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"என்னைக் கடிச்சது குட்டி. பால்குடி மறக்காத குட்டி. பௌடிலியோவைக் கடிச்சது கிழடு, இந்தாத்தண்டி. அதோட விஷமே வேற. அன்னிக்கு நான் கட்டலேன்னா நின்ன எடத்துல போயிருப்பான்."

"பல்லிக்கு ஏது பால்?" என்றாள் எதெல்வினா. "பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? உங்க கையை நீங்களே பார்த்தீங்கல்ல? கயிறில்லாம பொழைச்சீங்கல்ல? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தெரியாம செஞ்சுட்டேன்னு சொன்னா என்ன? வாய் வெந்துடுமா?"

"பாரு, கடிச்ச பல்லிகூட விட்டுடுச்சு, இவ விட மாட்டேங்கறா" என்றார் அவர். நாலு பேர் சிரித்தார்கள்.

அவள் வெளியே வந்து அவர் வீட்டுச் சுவரைக் காலால் உதைத்தாள். கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. அவிழ்த்திருக்கவே கூடாது என்று தெருவில் கேட்கும்படியே சொன்னாள்.

சனிக்கிழமை ரோமெலியா தமால் கூடையோடு கிளம்பினாள். எதெல்வினா வாசலை மறித்து நின்றாள். "போகாதேம்மா. இன்னிக்குப் போனா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

"தள்ளு. நான் பார்க்கணும்."

முதுகு வளைந்த அந்தக் கிழவி தெருவைக் கடந்து போனாள். எதெல்வினா பின்னாலேயே போய்க் கதவடியில் நின்றாள். சிரியாக்கோ கூடையைப் பார்த்துச் சிரித்தார். ரோமெலியா கூடையை மேஜையில் வைக்கவில்லை, தரையில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பல் பட்ட இடங்கள் தழும்பாகிக்கொண்டிருந்தன.

"வலிச்சுதா?"

"உயிர் போயிடுச்சு ரோமெலியா."

"எப்பக் குறைஞ்சுது?"

"மறுநா காலையில."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வீக்கம்தான்."

"விரல் அசையுதா?"

அவர் மடக்கிக் காட்டினார். எல்லாம் மடங்கின. ரோமெலியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரும் மறுநா காலையில வலி குறைஞ்சுடுச்சுன்னுதான் சொன்னாரு" என்றாள். "கயிறுதான் வலிக்குதுன்னாரு. விஷம் அப்படித்தான் பேச வைக்கும், காதுல வாங்காதேன்னு நீங்க சொன்னீங்க. நான் வாங்கல."

"அது கிழட்டுப் பல்லி ரோமெலியா, அதோட விஷம்..."

அவள் அறைந்தாள். வயசான கை, ஆனால் ஆயுசு முழுக்க மாவு தட்டிய கை. சிரியாக்கோவின் பல்செட்டு நழுவியது. ஓத்தோனியேல் எழுந்தான், தெல்மி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எனக்கும் அதே அறைதான் கிடைக்கணும்" என்றாள் ரோமெலியா. "என்னை அடிக்க அவரு இல்ல. வாங்கிக்க நீங்க இருக்கீங்க." குனிந்து கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் எதெல்வினா கையைப் பிடிக்க வந்தாள், அம்மா தட்டிவிட்டாள்.

சிரியாக்கோ அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. செத்தபோது எதெல்வினா துக்கத்துக்குப் போனாள், ரோமெலியா போகவில்லை. எல் எஸ்பினாலில் இப்போது யாரையாவது தூங்கும் பிள்ளை கடித்தால் கயிறு எடுப்பதில்லை. தண்ணீரில் அமுக்கி வண்டியில் ஏற்றுகிறார்கள். அதை எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறவன் ஓத்தோனியேல். அவன்தான் கண்டுபிடித்தது போலச் சொல்வான். எதெல்வினா அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கோபம் மண்டைக்கு ஏறும். பல்லியை அடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், முன்பு போல ஊர் திரண்டு போவதில்லை, அவ்வளவுதான்.

ரோமெலியாதான் மாறிப்போனாள். அத்தனை வருஷம் தலை குனிந்து நடந்தவள், அந்த அறைக்குப் பிறகு எதையும் விடவில்லை. மில்காரனின் தராசை உதைத்தாள். பாதிரியாரின் பிரசங்கம் நீளம் என்று நடுவில் எழுந்து போனாள். வீட்டில் மகளையும் விட்டுவைக்கவில்லை.

"நீ ஏன்டி அன்னிக்கு அவுத்தே? நான் ஒரு சாயங்காலமாவது அந்த ஆளு கெஞ்சறதைக் கேட்டிருப்பேனே."

"நான் அவுத்தது தெல்மிக்காக."

"எனக்கு யாரு அவுத்தா?"

"எனக்கு அப்பக் கதவுத் தாழ்ப்பாகூட எட்டாதும்மா!"

"எட்டலேன்னா என்ன, இப்பக் கத்தற மாதிரி அன்னிக்குக் கத்தியிருக்கலாமில்ல?"

"சும்மா இரும்மா."

"நீ சும்மா இரு. பீன்ஸ்ல உப்பு இல்ல."

"இருக்கு."

"இல்லேங்கறேன்!"

தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள்.